ஊர்ப்பெயரே நம் பெயரானால் லேபலில் என்ன எழுதலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டப்புறப் பட்டணங்களில் ஊறுகாய், மசாலைத்தூள், பஞ்சாமிர்தம் என வீட்டிலிருந்தே வியாபாரம் செய்வோர் பெருகி வருகிறார்கள். சொந்தப் பெயரை லேபலில் போட யாரையும் கேட்கத் தேவையில்லை என்றே பலரும் எண்ணுகிறார்கள். அந்தப் பெயர் ஒரு புகழ்பெற்ற ஊரின் பெயராகவும் இருந்தால் சிக்கல் உண்டு.

ஒயின் உலகம் இதை முன்பே பார்த்துவிட்டது. ஷாம்பெயின் என்பது பிரான்சில் ஒரு வட்டாரம்; அங்கு செய்யும் ஒயினுக்கும் அதே பெயர். கனடாவின் கியூபெக்கில் அதுவே குடும்பப் பெயர். இசையமைப்பாளர் கிளோட் ஷாம்பெயின் (1891–1965) ஓர் உதாரணம். உலக வாணிப அமைப்பின், அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தம் (1995) 24.8ஆம் விதியில், ஒருவர் தம் பெயரையோ தமக்கு முன் அத்தொழிலை நடத்தியவரின் பெயரையோ வணிகத்தில் பயன்படுத்தும் உரிமையைக் காக்கிறது. மக்களை ஏமாற்றும் விதத்தில் மட்டும் பயன்படுத்தக் கூடாது. வழக்குகள் முளைப்பது இந்த நிபந்தனையில்தான். ஒயினுக்கும் மதுவகைகளுக்கும் 23ஆம் விதி இன்னும் கடுமையானது: வேறோர் இடத்துக்குரிய ஒயின் பெயரைப் போட்டுவிட்டு, உண்மையான ஊரை எழுதினாலும், "வகை", "பாணி" என்று சேர்த்தாலும் தப்ப முடியாது. சுவிட்சர்லாந்தில் ஷாம்பெயின் என்றே ஒரு பழைய கிராமம் இருக்கிறது. 2004 முதல் அவ்வூராரே தங்கள் ஒயினுக்கு ஊர்ப்பெயரை வைக்க முடியவில்லை. 1993இல் அதே பெயரில் வந்த வாசனைத் திரவியமும் பிரெஞ்சு நீதிமன்றத்தில் தோற்றுப் பெயர் மாறியது.

நம் கதைக்கு வருவோம். பழனி என்ற பெயருடையவர் நம்மில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் சுங்கை சிப்புட்டில் பஞ்சாமிர்தம் செய்து, "பழனி பஞ்சாமிர்தம்" என்று மலைக்கோயில் படத்தோடு விற்றால் பெயர் உண்மை, பொட்டலம் பொய். பழனி பஞ்சாமிர்தம் 2019இல் இந்தியாவில் புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட இடத்துப் பொருளுக்கு மட்டுமே உரிய பெயர் என்ற பதிவு, பெற்றது. அந்தப் பதிவு இந்தியாவுக்குள்தான் செல்லும். ஆனால் தயாரித்த இடத்தைத் தவறாகக் காட்டுவதை நம் மலேசியாவின் 2011 வணிக விவரிப்புச் சட்டம் தடுக்கிறது.

செய்ய வேண்டியது கடினமல்ல. லேபலில் பெரிய எழுத்தில் பொருளின் பெயர் மட்டும்: "வாழைப்பழப் பஞ்சாமிர்தம்". உங்கள் பெயரைத் தந்தை பெயரோடு முழுமையாக, "தயாரிப்பாளர்" என்ற சொல்லுக்குப் பின், முகவரிக்கு மேல் போடுங்கள்; பொருளின் பெயரோடு ஒட்ட வேண்டாம். "தயாரித்த இடம்: சுங்கை சிப்புட், பேராக்" என்பதையும் முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள். பழனியில் பயன்படுவது விருப்பாட்சி மலைவாழை. நீங்கள் இங்குள்ள பீசாங் மாஸ் வாழைப்பழம் போட்டால் அதையே எழுதுங்கள், அதிலும் நல்ல ருசி உண்டு. கோபுரம், மலைப்படி படங்கள் வேண்டாம். அதிகம் தவறுவது மொழிபெயர்ப்பில்தான்: தமிழ் வரி சரியாக இருக்கும், அச்சகத்தார் ஆங்கில வரியில் ஊர்ப்பெயரையும் பொருளையும் சேர்த்துவிடுவார்கள். அச்சுக்கு முன் மூன்று மொழி வரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) வணிகப் பதிவில், மைகார்டு அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயருக்கு ஆண்டுக்கு 30 வெள்ளி. ஒரு சொல் கூடினாலும் அது வணிகப் பெயர், 60 வெள்ளி. இந்தப் பதிவு பெயரின் மேல் தனியுரிமை தராது என்பதைப் பலர் அறிவதில்லை. சரவாக் மிளகு, சபா தேயிலை, பாரியோ அரிசி ஆகியவை இங்கேயே புவிசார் குறியீடாகப் பதிவானவை. லேபல் அடிக்கக் கொடுக்கும் முன் மைஐபிஓ (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) பதிவேட்டில் ஊர்ப்பெயரைத் தேடிப் பாருங்கள்.

இப்படிக்கு,
சிறுதொழில் லேபல் பணியில் உள்ள வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்