ஊர் நலச் சங்கம், சிங்கப்பூர்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் ஒன்றுகூடலும் தீபாவளி விருந்தும் வழக்கம்போல் நடைபெற்றன. ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் அனுப்பப்பட்டன.

ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு நம் ஊருக்குப் பேருந்து கேட்கும் மனுவுக்கே சென்றதால், அதை விரிவாகவே கூற வேண்டியுள்ளது. இங்கிருந்து நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடுகிறோம். 2024 ஜூன் முதல் அங்கே புதிய முனையமும் இயங்குகிறது. திருவாரூர்–காரைக்குடி அகல ரயில்பாதை 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்டபின் பட்டுக்கோட்டைவரை ரயிலிலும் செல்லலாம். ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் போகும் கடைசித் தொலைவுக்கு, விடுப்பில் செல்லும் நாம் வாடகைக் கார் பிடிக்கிறோம். ஊரிலேயே இருக்கும் நம் பெற்றோரும் பிள்ளைகளும் நடக்கிறார்கள். முன்பு காலையும் மாலையும் வந்த நகரப் பேருந்து, ஆள் ஏறவில்லை என்று நிறுத்தப்பட்டுவிட்டது.

தமிழக அரசின் புதிய மினி பஸ் திட்டத்தில் விண்ணப்பித்தால் போதும் என்று சில உறுப்பினர்கள் கூறினர். அத்திட்டத்தின் தடம் 25 கிலோமீட்டர்வரை நீளலாம் என்பதும், அதில் 65 விழுக்காடாவது பேருந்து இல்லாத பாதையாக இருக்க வேண்டும் என்பதும் நமக்குச் சாதகமே. எனினும் அவை தனியார் வண்டிகள். 2021 மே மாதம் முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கிறார்கள். வயல் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகும் நம் ஊர்ப் பெண்களுக்கு அந்தச் சலுகை கிடைக்க வேண்டுமென்றால் அரசுப் பேருந்தையே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செயற்குழுவும் அதையே ஏற்றது. ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டதால், மனு ஆகஸ்ட் 15 கிராம சபையில் தனி அலுவலரிடம் அளிக்கப்பட்டது.

ஊரில் எத்தனை பேர் என்பதே அதிகாரிகள் கேட்ட முதல் கேள்வி. கையில் இருப்பது 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மட்டுமே. 2021இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில்தான் நடைபெறும். அப்போதும் இங்கே வேலை செய்யும் நாம் ஊர்க் கணக்கில் வரமாட்டோம். மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டத்தில்கூடச் சமவெளி ஊர்களில் குறைந்தது 500 பேர் இருக்க வேண்டும் என்பதே வரம்பு. ஆகவேதான் வீடுவாரியாக முதியவர், பள்ளி மாணவர், வேலைக்குச் செல்வோர் ஆகியோரைத் தனித்தனியே குறிக்கும் பதிவேட்டை நான் தொடங்கினேன். பேருந்தில் உண்மையில் ஏறப்போகிறவர்கள் யார் என்பதை அதுவே காட்டும்.

இதற்கான படிவம் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பப்பட்டது. துவாஸ், ஜூரோங் தங்கும் விடுதிகளில் இருக்கும் தம்பிமார்கள் வேலை முடிந்து வந்த இரவுகளில் நிரப்பித் தந்தார்கள். நீண்டகாலமாக இங்கே குடியிருந்து, ஊரில் பெரிய வீடுகளைக் கட்டிப் பூட்டி வைத்திருப்பவர்களிடமிருந்து பதிலே வரவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். அவர்களுள் பலர் பொதுக்கூட்டத்திற்கும் வருவதில்லை, ஆண்டுச் சந்தாவும் செலுத்துவதில்லை. நினைவூட்டினால், ஊருக்கே போவதில்லை, பேருந்து எதற்கு என்கிறார்கள். அவர்களுடைய பெரியம்மாவும் சித்தப்பாவும் அந்தச் சாலையில்தான் நடக்கிறார்கள்.

வரவு செலவு கட்டுக்குள் இருக்கிறது. விருந்துச் செலவு சற்றுக் கூடினாலும் நன்கொடைகள் அதை ஈடுசெய்தன. விவரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். தலைவர், தணிக்கையாளர், விருந்து சமைத்த உறுப்பினர்கள், கூட்ட அறை தந்த சமூக மன்றத்தினர் ஆகிய அனைவருக்கும் நன்றி.

வரும் மே 1 கிராம சபைக்குள் பதிவேடு முழுமையடைந்தால் மனுவை மீண்டும் வலுவாக வைக்கலாம். ஊருக்கு ஒருவரை அனுப்பி வீடுவீடாகச் சரிபார்க்கவும் வேண்டும். நிலுவைச் சந்தா பாதி வந்தாலே அந்தச் செலவு தீரும். இப்பணியை முடிக்கும்வரை பொறுப்பில் தொடர விரும்புகிறேன். உடன் உழைக்க இரண்டு இளைஞர்கள் செயற்குழுவுக்கு முன்வந்தால் மட்டுமே அது இயலும். வெற்றுப் படிவங்கள் வாசல் மேசையில் வைக்கப்பட்டுள்ளன. பொருளாளரும் அங்கேயே அமர்ந்திருப்பார்.

இவ்வறிக்கையை உறுப்பினர்களின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்