மொய் நோட்டில் அவள் பெயர்

கோவில்பட்டி
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள விசாலம்,

நலம்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் நீ கேட்கவா போகிறாய்! இங்கே எல்லோரும் சௌகரியம்.

வக்கீலாக இருக்கும் உன் தம்பியிடம் நீ ஒரு விஷயம் கேட்டுச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே மறித்து உன் கட்சியைப் பேச ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் முடிக்கும்வரை நீ வாய் திறக்க முடியாது.

நம் டெய்லர் அக்கா மகளைப் பற்றித்தான். உனக்கு அவளைப் பாவாடை சட்டையில்தான் ஞாபகம் இருக்கும். இப்போது இருபத்தெட்டு வயது. எட்டு வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன். புருஷன் திருப்பூருக்கு வேலைக்கென்று போனவன், போனவன்தான். மூன்றரை வருஷமாகக் காசும் இல்லை, போனும் இல்லை. அவன் முந்தாநாள் வந்து நின்றான். எந்தத் தேதி என்று கவனித்தாயா? பதினைந்து. மாதாமாதம் அவள் கணக்கில் அரசாங்கம் குடும்பத் தலைவிகளுக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை ஏறும் தேதி. யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்தவன் பிள்ளைகளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, ஏடிஎம் கார்டைக் கொடு என்றான்.

அவள் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், விசாலம். அழவில்லை, கத்தவும் இல்லை. வாசலில் நின்று, தெரு கேட்க, “அது பிள்ளைகளுக்கு உள்ளது, தரமாட்டேன்” என்றாள். அவன் திருப்பூர் போன அன்று காதில் கிடந்த கம்மலை வாய் பேசாமல் கழற்றிக் கொடுத்தவள் இவள். நேற்றுக் காலையில் என் வீட்டுக்கு வந்து, “அத்தை, பிள்ளைகளுக்காக அவர்கிட்ட ஜீவனாம்சம் கேட்க முடியுமா?” என்கிறாள்.

உன் மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. “மாசம் ஆயிரம் கொடுத்து எல்லாரையும் சோம்பேறி ஆக்கிட்டாங்க” என்றாய். சம்பந்தி வீட்டார் பக்கத்தில் இருந்ததால் அன்றைக்கு விட்டுவிட்டேன். இப்போது விடப்போவதில்லை.

2023 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்னால் கணக்கு சரியா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பினார்கள். அந்த ஒரு ரூபாய் மெசேஜைக் காட்டத்தான் அவள் முதன்முதலில் ஓடி வந்தாள். முதல் மாதப் பணம் வந்ததும் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. நானும் அவளும் போய்ச் சண்டை போட்டோம். பல ஊர்களில் இதே கதை நடந்து, அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கமே சொல்ல வேண்டி வந்தது. அப்புறம் வேறு இடத்தில் கணக்கு தொடங்கினாள். அதிலிருந்து தடங்கல் இல்லை.

ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று கேட்பாய். சிலிண்டர் வாங்கினால் பெரும்பகுதி போய்விடும், உண்மைதான். ஆனால் அது வரும் தேதி அவளுக்குத் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். முன்பெல்லாம் பாக்கி கேட்டு எல்லார் முன்னாலும் பேசியவர், இப்போது “பதினைந்துக்குப் பார்த்துக்கலாம் தாயி” என்கிறார். பையனுக்கு வீசிங் வந்தால் விடியும்வரை காத்திருந்து அண்ணன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. அண்ணன் நல்லவன்தான். ஆனால் அவன் கொடுக்கும் ஒவ்வொரு நூறையும் மதினி எண்ணிக்கொண்டு நிற்பாள். அந்த வீட்டில் அவளும் பாவம், அவளுக்கும் மூன்று பிள்ளைகள்.

சோம்பேறி ஆனாளா என்றால், தீப்பெட்டி ஆபீஸ் வேலையை அவள் ஒருநாளும் விடவில்லை. முன்பணம் எட்டாயிரம் வாங்கியிருந்தாள். அது தீராமல் வேறு ஆபீஸுக்குப் போக முடியாது, கூலி கூட்டிக் கேட்கவும் முடியாது. மாதம் ஐந்நூறு, அறுநூறு என்று கட்டிப் போன வருஷம் முழுசாக அடைத்தாள். அடைத்த மறுமாதமே கூலி அதிகம் கொடுக்கும் இடத்துக்கு மாறிவிட்டாள். 2011 வாக்கில் மத்தியப் பிரதேசத்தில் ‘சேவா’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து சில கிராமங்களில் ஆளுக்கு மாதம் இருநூறு ரூபாய், குழந்தைக்கு நூறு என்று நிபந்தனை இல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு அதை முந்நூறு, நூற்றைம்பது ஆக்கினார்கள். அங்கேயும் ஜனங்கள் வேலையைக் குறைக்கவில்லை. கூலிக்குப் போனவர்கள் சொந்த வேலைக்கு மாறினார்கள், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது கூடியது. நீ நம்ப மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. இந்த ஆனியில் எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் வந்திருந்தாள். முன்பு விசேஷம் என்றாலே தலைவலி என்று படுத்துக்கொள்வாள், இல்லையென்றால் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவாள். மொய்க்குக் காசு இல்லாமல் பந்தியில் உட்காருவது எப்படி என்ற கூச்சம். இந்தத் தடவை பிள்ளைகளுக்குத் தலைசீவிப் பூ வைத்துக் கூட்டிவந்தாள். மொய் எழுதுகிறவர் நோட்டைப் பார்த்தபடியே “யார் பேருக்கும்மா?” என்றார். அண்ணன் பெயரையோ புருஷன் பெயரையோ சொல்வாள் என்றுதான் நினைத்திருப்பார். தன் பெயரைச் சொல்லி, ஊரையும் சொல்லி, ஐந்நூறு ரூபாயை வைத்தாள். பின்னால் நின்ற இரண்டு பேர், “கவர்மெண்ட் காசு மொய்க்குப் போகுது பாரு” என்று பேசியது என் காதில் விழுந்தது. போகட்டுமே! மொய் வீண்செலவா? இன்னும் நான்கைந்து வருஷத்தில் அவள் மகளுக்குச் சடங்கு வரும். அன்றைக்கு அந்த ஐந்நூறு திரும்பி வரும். வரும்போது பணத்தோடு மனிதர்களும் வருவார்கள். புருஷன் விட்டுப்போன நாளிலிருந்து அவளை யாரும் கணக்கில் வைக்கவில்லை. இப்போது ஊர் நோட்டில் அவளுக்கு ஒரு வரி இருக்கிறது. அந்த வரிதான் முந்தாநாள் வாசலில் நின்று தரமாட்டேன் என்று சொன்னது என்று நான் நினைக்கிறேன்.

சரி, என் குறைகளையும் கேள். கைவிடப்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் ஓய்வூதியம் இருக்கிறது. ஆனால் முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். கோர்ட்டில் விவாகரத்தோ பிரிவுச் சான்றோ வாங்கவில்லை என்றால், விட்டுப்போய் ஐந்து வருஷமாவது கழிந்திருக்க வேண்டும். ஒரு தாய்க்குப் பசி ஐந்து வருஷம் கழித்தா வரும்? உரிமைத் தொகை மட்டும்தான் அவளை எட்டியது. அதுகூட எப்படி? ரேஷன் கார்டில் அவன் குடும்பத் தலைவன், அவன் மனைவி என்ற முறையில் இவள் குடும்பத் தலைவி! ஓடிப்போனவன் பெயரை வைத்துக்கொண்டுதான் இவள் பணம் வாங்குகிறாள். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. இன்னொன்று: விதவை ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு இந்த ஆயிரம் கிடையாது. மேலத்தெரு ரோஸ் வீட்டுக்காரி ஒவ்வொரு தடவையும் என்னிடம் சண்டைக்கு வருகிறாள், “எனக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று. போன மாதம் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமிலும் மனு கொடுத்திருக்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? தொடங்கிய நாளிலிருந்து தொகையும் ஆயிரத்திலேயே நிற்கிறது. எண்ணெயும் பருப்பும் அப்படி நிற்கின்றனவா?

இப்போது உன் தம்பியிடம் கேட்க வேண்டியதை வரிசையாகக் கேள், நடுவில் உன் அபிப்பிராயத்தைச் சேர்க்காமல். ஜீவனாம்சத்துக்கான பழைய 125ஆம் பிரிவுதான் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது, அதில் பிள்ளைகளுக்கும் அவளுக்கும் சேர்த்தே மனு போடலாமா, தனித்தனியாகவா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அதற்குக் கோவில்பட்டி கோர்ட்டிலேயே எழுதிக் கொடுத்தால் போதுமா, தூத்துக்குடி போக வேண்டுமா? முக்கியமானது மூன்றாவது. ரேஷன் கார்டிலிருந்து அவன் பெயரை எடுத்து அவளைத் தலைவி ஆக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண்களையும் தலைவியாக ஏற்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் கார்டு மாறும் சமயத்தில் பணம் ஒரு மாதம்கூட நிற்கக் கூடாது. முதலில் கார்டா, முதலில் மனுவா? இது தெரியாமல் எதையும் தொட வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அவன் இன்னும் ஊரில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறான், அவன் அக்கா வீட்டில். ஏடிஎம் கார்டு என் பீரோவில் இருக்கிறது. ராத்திரியில் அவளும் பிள்ளைகளும் நம் வீட்டுத் திண்ணை அறையில் படுத்துக்கொள்கிறார்கள். அதனால் தாமதம் செய்யாதே. தம்பி சொல்வதைப் போனிலேயே சொல், நான் எழுதிக்கொள்கிறேன். சோம்பேறிப் பேச்சு இருந்தால் தனிக் கடிதமாகப் போடு, அதற்கும் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
கமலா