மைனர் விக்கிறதுக்கில்லை

தம்பி,

எங்கட பழைய மொறிஸ் மைனர் காரை வித்துப்போடுங்கோ அப்பா, இப்ப நல்ல விலை போகுது எண்டு நீ போனில சொல்ல நான் ஒண்டும் பறையாமல் போனைக் கொம்மாட்டக் குடுத்திட்டன் எல்லே, அதுக்குப் பதில்தான் இது. வொய்ஸில சொன்னா வேலைக்குப் போற அவசரத்தில பாதியோட நிப்பாட்டிப்போடுவாய், அதுதான் இருந்து ரைப் பண்ணுறன்.

போன கிழமை கொழும்பில இருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிற ஆக்கள் கொஞ்சப் பேர் வந்தவை. எம்ஜிபி, ட்ரயம்ப் ஸ்பிற்பயர், பிறகு ஒரு ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், முன் லைற் ரண்டும் தவளைக் கண் போல பொனட்டுக்கு மேல நிக்குமே அந்த மொடல். வவுனியாவில வெளிக்கிட்டு ஏ9 றோட்டால பரந்தன், அங்கால பூநகரி, அதில இருந்து ஏ32 றோட்டால மன்னார். வழியில ஏதும் பிழைச்சா பாக்க ஒரு மெக்கானிக் வேணுமெண்டு கேக்க, மாமா என்ர பேரைக் குடுத்திட்டார். வாறதெண்டா மைனரிலதான் வருவன் எண்டு நான் முதலே சொல்லிப்போட்டன்.

முறிகண்டியில எல்லாரையும் மறிச்சுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பிச்சு, கையில கச்சான் சரையும் வாங்கிக் குடுத்துத்தான் விட்டனான். பரந்தன் பூநகரி றோட்டுத்தான் வடிவு, காலபோகம் வெட்டி முடிஞ்ச நேரம், கரை நெடுக நெல்லுக் காயுது, உவையின்ர கார் எல்லாம் நிலத்தோட ஒட்டின கார், இருக்கிறவையின்ர முகத்துக்கு நேர நெல்லுக் குவியல், ஒருத்தரும் அதில ரயரை ஏத்தாமல் பாத்துப் பாத்துப் போச்சினம், எனக்கு அது பிடிச்சுப்போச்சு. மொட்டைக்கறுப்பன் நெல்லு ஒரு சாக்குக்கும் கதைச்சு வச்சிட்டன், கொம்மாவுக்குச் சொல்லாத, விலை கேப்பா.

சங்குப்பிட்டிப் பாலத்தில போய்ப் படம் எடுத்திட்டுத் திரும்பி வெள்ளாங்குளம் தாண்டேக்க எம்ஜிபி நிண்டிட்டுது. வெயில் எண்டா வெயில். எல்லாரும் பொனட்டைத் துறந்து வச்சுக்கொண்டு கொயில் எண்டினம், பொயின்ற் எண்டினம். நான் சாவியை மட்டும் போடுங்கோ, ஸ்ராட் எடுக்க வேண்டாம் எண்டு சொல்லிக் காதைக் குடுத்துப் பாத்தன், பெற்றோல் பம்ப் டிக் டிக் எண்டேல்ல. உந்த எஸ்யூ எலெக்ரிக் பம்ப் மைனருக்கு பொனட்டுக்குள்ள இருக்கும், எம்ஜிபிக்குப் பின் சில்லுப் பக்கம் கீழ. படுத்து உள்ளுக்க பூந்து ஸ்பானரால ரண்டு தட்டுத் தட்ட டிக் டிக் டிக் எண்டு தொடங்கிட்டுது. பம்புக்குள்ள இருக்கிற பொயின்ற் ஒட்டிப்போனா அப்பிடித்தான். கார்க்காரர் ஏதோ மந்திரம் செய்தவனைப் பாக்கிற மாதிரி என்னைப் பாத்தார்.

விடத்தல்தீவுப் பக்கம் ஒரு மரத்தடியில சாப்பாடு. அங்க வச்சுத்தான் ஸ்பிறைற்காரர் மைனரைச் சுத்திச் சுத்தி வந்தவர். அவரின்ர காருக்கும் 948 சீசீ ஏ சீரிஸ் இஞ்சின், எங்கட 59ஆம் ஆண்டு மைனர் 1000க்கும் அதேதான், அவருக்கு ரண்டு காபரேட்டர், எங்களுக்கு ஒண்டு, அவ்வளவுதான் பெரிய வித்தியாசம். பிளொக் இன்னும் நல்லா இருக்கோ எண்டு கேட்டார். பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில இது மண்ணெண்ணெயில ஓடின கார் எண்டன், ஒருத்தரும் நம்பேல்ல. சேலைன் குழாயால சொட்டுப் பெற்றோல் காபரேட்டருக்க விட்டு ஸ்ராட் எடுக்கிறது, பிடிச்ச கையோட மண்ணெண்ணெய்க்கு மாத்திறது, இஞ்சின் தட்டும் எண்டு ரைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வைக்கிறது, பிளக் கரி பிடிக்கப் பிடிக்கக் கழட்டித் தேய்க்கிறது, பின்னால ஊரெல்லாம் வெள்ளைப் புகை. எல்லாத்தையும் சொன்னன், சோத்துப் பார்சலை மடியில வச்சுக்கொண்டு ஆவெண்டு கேட்டுக்கொண்டிருந்தவை. பிறகு 2009இல அது வவுனியாவில மாமா வீட்டில நிண்டபடியாத்தான் மிஞ்சினது எண்டும் சொன்னன், அதோட கதை கொஞ்ச நேரம் நிண்டுபோச்சு.

பிறகுதான் அவர் விலை சொன்னவர். நீ சொன்னதிலும் கூட. ஆனா அந்தாளுக்கு வேண்டியது இஞ்சின் மட்டும், தன்ரயில வெடிப்பாம். இஞ்சினைக் கழட்டினா எனக்கு மிச்சம் ஒரு கோழிக்கூடு. இல்லை ஐயா எண்டிட்டன். மனுசன் கோவிக்கேல்ல, நல்ல மனுசன். தள்ளாடி எண்ட இடம் தாண்டி மன்னார்த் தீவுக்குப் போற தாம்போதியில பூநாரைக் கூட்டம் நிக்க எல்லாரும் காரை ஓரங்கட்டிப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டம், அப்ப அவர்தான் எனக்கு மைனர் சாமான் இங்கிலாந்தில இன்னும் புதுசாக் கிடைக்குது, உங்கட மகன் அங்கதானே எண்டவர்.

அதால இப்ப நீ செய்ய வேண்டியது இதுதான். எஸ்யூ காபரேட்டருக்கு ஜெற்றும் நீடிலும், பம்புக்குப் பொயின்ற் செற் ஒண்டு, முன் சில்லைத் தாங்கிற கீழ் மூட்டு, அதுதான் ட்ரனியன், ரண்டு பக்கத்துக்கும். ட்ரனியனை மறந்திடாத, அது தேஞ்சு கழண்டா சில்லு மடிஞ்சுபோம், கொம்மா இப்பவே முன்னுக்கு இருக்க மாட்டன் எண்டு நிக்கிறா. மாமி ஆடியில வாறா தானே, அவவிட்டக் குடுத்துவிடு. பார்சலில போடாத, பிறகு கஸ்டம்ஸில நான்தான் போய் லைனில நிக்கோணும்.

அப்பா