பந்து போன பிறகும் அங்கேயே பார்

அன்புள்ள கண்ணாவுக்கு,

நீ அனுப்பிய டென்னிஸ் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கால் நகர்வு நன்றாக வந்திருக்கிறது, தோளும் முழுசாகத் திரும்புகிறது. உன் ஃபோர்ஹேண்ட், அதாவது வலப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடி, நெட்டில் விழுவதற்குக் காரணம் கை இல்லை, கழுத்து. ராக்கெட் பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே, எங்கே போகிறது என்று பார்க்க முகத்தைத் தூக்கிவிடுகிறாய்.

தலை ஏறக்குறைய 5 கிலோ கனம். அது எழும்பினால் முதுகும் தோளும் சேர்ந்து எழும்பும். ராக்கெட்டும் நினைத்ததைவிட மேலே போய்விடும். பந்து ஸ்ட்ரிங்கின் நடுவில் படாமல் கீழ்ப்பாதியில் படும். பட்டவுடன் கீழ் விளிம்பு பின்னால் தள்ளப்பட்டு, ராக்கெட்டின் முகம் தரையை நோக்கிக் கவிழும். பந்து நெட்டுக்குத்தான் போகும். நீயோ நெட்டில் விழுகிறதே என்று அடுத்த பந்தை இன்னும் மேலே தூக்கப் பார்க்கிறாய். தலை இன்னும் சீக்கிரம் எழும்புகிறது, பந்து இன்னும் கீழே படுகிறது. சில சமயம் ஃபிரேமிலேயே. இப்படி இருக்கும்போது பிடியை மாற்றாதே, ஸ்ட்ரிங்கின் இறுக்கத்தையும் மாற்றாதே. இரண்டும் வீண்.

தலை இடப்பக்கம் திரும்பினால் கோளாறு வேறு. இடது தோள் முன்கூட்டியே திறந்துகொள்ளும். நேராக அனுப்ப நினைத்த பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

பந்து ஸ்ட்ரிங்கில் தங்குவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் நான்கைந்து பங்குதான். அதைக் கண்ணால் பார்த்துவிட முடியாது. அப்படியானால் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பாய். பார்வை அங்கே நின்றால் தலை நிற்கும். தலை நின்றால் உடம்பு சுழலும் அச்சு நிற்கும். டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் ஃபோர்ஹேண்ட் அடிக்கும் படங்களைப் பார். பந்து புறப்பட்ட பிறகும் முகம் அடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அசையாமல் இருப்பது என்றால் கழுத்தை விறைப்பது இல்லை, இதை மறந்துவிடாதே. பல்லைக் கடிக்காதே, அடிக்கும்போது மூச்சை வெளியே விடு. தலை சும்மா இருக்கட்டும், அதன் கீழே தோள்கள் சுழலட்டும். தயாராகும்போது இடது தோள் தாடைக்குக் கீழே வரவேண்டும். அடித்து முடிக்கும்போது வலது தோள் தாடையைத் தேடி வரவேண்டும். தாடை தோளைத் தேடிப் போகக்கூடாது. வலது தோள் வந்து தொட்டதும் நிமிர்ந்து பார்க்கலாம். ஒரு பக்கத்துப் பேஸ்லைனிலிருந்து, அதாவது கோர்ட்டின் கடைசிக் கோட்டிலிருந்து, எதிர்ப்பக்கத்துப் பேஸ்லைன் 23.77 மீட்டர், நீங்கள் ஆடும் வேகத்தில் பந்து அங்கே போய்த் திரும்பிவர நேரம் தாராளமாக இருக்கிறது. நீ எதையும் தவறவிட மாட்டாய்.

பந்து தாழ்வாக வந்தால் முழங்காலை மடக்கு; இடுப்பை வளைத்துத் தலையைக் கவிழ்க்காதே. இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். நீ கண்ணாடி போடுகிறவன், அதனால் முகத்தையே வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொள். வெறும் கண்ணை ஓரத்துக்கு ஓட்டினால் பந்து சட்டத்தின் விளிம்பில் மறைந்துபோகும்.

இரண்டு வாரத்துக்கு ஆட்டத்துக்கு முன்னால் 20 பந்து இப்படி அடி. நெட்டுக்கும் பேஸ்லைனுக்கும் இடையில் இருக்கும் சர்வீஸ் லைனில் நின்று, முன்காலுக்குச் சற்று முன்னால் பந்தை நீயே போட்டு, பாதி வேகத்தில் அடி. எதிர்ப்பக்கம் பந்து தரையில் விழும் சத்தம் காதில் கேட்கும்வரை அடித்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காதே. எங்கே விழுந்தது என்று நண்பன் சொல்லட்டும். முதலில் கழுத்து தானாகத் திரும்பத் துடிக்கும், விடாதே. பிறகு பேஸ்லைனுக்குப் போ. அங்கே தோள் தாடையைத் தொடும்வரை போதும். முழு ஓட்டத்தில் எட்டிப் பிடித்து அடிக்கும் பந்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பார்க்காதே. அது உயிர் பிழைக்கிற அடி.

அடுத்த முறை போனைப் பின்னால் வைக்காமல், வலப்பக்க வேலியில் இடுப்பு உயரத்தில் கட்டி, ஸ்லோ மோஷனில் எடுத்து அனுப்பு. பந்து படும் கணத்தில் உன் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா