நீக்குவதற்கு முன்: திறந்த கல்வித் தளங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு மடல்

திறந்த கல்வித் தளங்களின் நிர்வாகிகளுக்கும், பாடங்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் தளங்களில் பாடம் எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. பெரும்பாலும் உடல்நலப் பாடங்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். யாராவது ஆட்சேபம் சொன்னார்கள் என்பதற்காக ஒரு பாடத்தையோ படத்தையோ சத்தமில்லாமல் எடுத்துவிடாதீர்கள். எடுக்கத்தான் வேண்டும் என்றால் யார் எடுத்தது, எந்த விதிப்படி, மறுபரிசீலனை கேட்க எங்கே போவது என்பதையெல்லாம் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

நான் எழுதிய ஒரு பாடத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளைப் பெண்கள் தாங்களே கவனிப்பது பற்றிய பாடம் அது. கட்டி ஒன்றுதான் அறிகுறி என்று பலர் நினைக்கிறார்கள். காம்பு உள்ளே இழுத்துக்கொள்வதும், தோல் தடித்து ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியாகத் தெரிவதும்கூட மருத்துவரிடம் உடனே போகவேண்டிய அறிகுறிகள். எழுத்தில் எவ்வளவு விளக்கினாலும் இது மனதில் பதியாது, பார்த்தால்தான் புரியும். அதற்காகக் கோட்டோவியங்கள் சேர்த்திருந்தேன். ஒருநாள் பார்த்தால் ஓவியங்கள் எதுவும் இல்லை. 'படம் 2இல் உள்ளதுபோல் தோல் மாறியிருந்தால்' என்ற வரி மட்டும் அப்படியே நிற்கிறது, அதன் கீழே வெற்றுக் கட்டம். பாடத்தில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்யும் வரலாற்றுப் பக்கத்தில் 'பொருத்தமற்றது' என்று ஒரே ஒரு சொல். யாருக்குப் பொருத்தமற்றது, எந்த விதியின் கீழ் என்று எதுவும் இல்லை. கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

ஆட்சேபம் சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வகுப்பில் திரையில் போட்டுக் காட்டும்போது எதிர்பாராமல் அந்தப் படம் வந்திருக்கலாம். அவருடைய சங்கடம் உண்மையானது. அதைக் கேட்டு மதிப்பது உங்கள் கடமையும்கூட. ஆனால் ஒருவருக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதும், ஒரு விஷயம் தளத்தில் இருக்கவே கூடாது என்பதும் ஒன்றல்ல. உங்கள் வேலையில் நடக்கும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். சட்டம் தடுப்பது ஒரு வகை. குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் படம் வந்தால் விவாதத்துக்கே இடமில்லை, அந்தக் கணமே எடுத்து உரியவர்களிடம் புகார் செய்ய வேண்டும். ஒருவருடைய அனுமதி இல்லாமல் போட்ட அந்தரங்கப் படமும் அப்படியே. தற்கொலை முறைகளை விவரிப்பது போலத் தீங்குக்கு வழிகாட்டும் எழுத்து இன்னொரு வகை. அதைத் திருத்தி எழுதலாம், உதவி கேட்கும் வழிகளைச் சேர்க்கலாம். மூன்றாவது, சிலருக்குப் பிடிக்காதது, சிலருடைய நம்பிக்கையைப் புண்படுத்துவது, சிலருக்கு அருவருப்பானது. முதல் வகைக்கு வைத்திருக்கும் அவசரத்தை மூன்றாவது வகையிடம் காட்டினால் மகப்பேறு, மாதவிடாய், பரிணாமம், போர்க்குற்றம் என்று எந்தப் பாடமும் மிஞ்சாது.

இது புதிய பிரச்சினையும் இல்லை. 2008 டிசம்பரில் பிரிட்டனில், குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் படங்களை இணையத்தில் கண்காணிக்கும் இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, நிர்வாணச் சிறுமி இருந்த ஒரு ராக் இசைக்குழுவின் 1976ஆம் ஆண்டு இசைத்தட்டு அட்டைப் படத்துக்காக விக்கிப்பீடியாவின் ஒரு பக்கத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. படம் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் படத்தோடு சேர்த்து அதைப் பற்றிய கட்டுரையும் மறைந்தது. இணையச் சேவை நிறுவனங்கள் பயனர்களைச் சில பொது முகவரிகள் வழியாகத் திருப்பிவிட்டதால், நாசவேலை செய்கிறவர்களைத் தடுக்க அந்த முகவரிகளை விக்கிப்பீடியா முடக்கியபோது, அந்நாட்டில் கணக்கு இல்லாத ஏராளமானோர் எந்தக் கட்டுரையையும் திருத்த முடியாமல் போனது. சில நாட்களில் தடை விலகியது.

2010 மே மாதத்தில் நடந்தது உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஆபாசப் படங்கள் குவிகின்றன என்ற புகாரை அடுத்து, விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் தானே இறங்கிப் படங்களை நீக்கினார். அந்த வேகத்தில் 19ஆம் நூற்றாண்டுக் கலைஞர்களின் படைப்புகளும் போய்விட்டன. எதிர்ப்பு எழுந்தது, பல படங்கள் திரும்பி வந்தன, வேல்ஸ் தன் சிறப்பு அதிகாரங்கள் பலவற்றை விட்டுக்கொடுத்தார். நிறுவனரே ஆனாலும், விவாதிக்காமல் நீக்கினால் இதுதான் கதி.

அடுத்த ஆண்டு, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, வாசகர் விரும்பினால் சில வகைப் படங்களை மறைத்துக்கொள்ளும் வசதியை முன்வைத்தது. கருத்துக் கேட்பில் 24,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ஜெர்மன் விக்கிப்பீடியர்கள் தனியாக வாக்கெடுத்து, பெரும்பான்மையாக எதிர்த்தார்கள். 2012இல் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி இன்றைக்கும் நிற்கிறது: எந்தப் படம் எந்த வகை என்று முத்திரை குத்துவது யார்? 'நிர்வாணம்' என்று நீங்கள் நல்லெண்ணத்தோடு ஒட்டும் முத்திரையை, நாளைக்கு ஒரு அரசோ இணையச் சேவை நிறுவனமோ எடுத்து அப்படியே தடைப்பட்டியலாக்கலாம். மார்பகப் பரிசோதனைப் படமும் ஆபாசப் படமும் அந்தப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். அமெரிக்க நூலகச் சங்கம் இதில் தெளிவாக ஒரு கோடு போடுகிறது. வாசகர் தேடுவதைக் கண்டுபிடிக்க உதவும் நடுநிலையான குறிப்பு வேறு, வாசகரை விலக்கி வைக்க ஒட்டும் முத்திரை வேறு. 'இந்தப் பாடத்தில் அறுவை சிகிச்சைப் படங்கள் உள்ளன' என்பது முதல் ரகம். 'வயது வந்தோருக்கு மட்டும்' என்பது இரண்டாம் ரகம்.

அந்தச் சர்ச்சையில் விளைந்த நல்ல கருத்து ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். வாசகர் எதை எதிர்பார்த்து வருகிறாரோ அதைத் தாண்டி அவரை அதிர வைக்காதீர்கள் என்பதுதான் அது. காயத்துக்குக் கட்டுப்போடும் பாடத்துக்கு வருகிறவர் ரத்தத்தை எதிர்பார்த்துத்தான் வருவார். வெள்ளரிக்காய் என்று தேடுகிறவருக்கு முன்னால் பாலியல் படம் வந்து நின்றால் அது தளத்தின் பிழை. இதற்கு எதையும் நீக்க வேண்டியதில்லை. பாடத்தின் முகப்பிலோ தேடல் முடிவிலோ என்ன படம் வருகிறது என்று பார்த்து மாற்றினாலே பாதிப் புகார் அடங்கிவிடும். கடுமையான படத்தை மடித்து வைத்து, விரும்பினால் திறக்கச் சொல்லலாம். என் பாடத்திலும் அப்படிச் செய்திருக்கலாம், நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருப்பேன்.

'சரி, குழந்தைகளை என்ன செய்வது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திறந்த உரிமத்தின் பலமே இங்கேதான். உங்கள் தளத்தில் உள்ளதை எவரும் நகலெடுத்து, தன் வகுப்புக்கு ஏற்றபடி தொகுத்துக்கொள்ளலாம். எஸ்ஓஎஸ் சில்ட்ரன் என்ற குழந்தைகள் நலத் தொண்டு அமைப்பு விக்கிப்பீடியாவிலிருந்து சில ஆயிரம் கட்டுரைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, சரிபார்த்து, பள்ளிகளுக்கென்று ஒரு தொகுப்பைக் கொடுத்தது. மூலத்தில் யாரும் ஒரு வரியையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளியில் எதைக் காட்டலாம் என்பதை அந்த ஆசிரியர் முடிவு செய்யட்டும். பொதுத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டால், கட்டி இருக்குமோ என்று பயந்து நள்ளிரவில் தேடும் பெண்ணுக்கும் சேர்த்து நீங்கள் முடிவு செய்துவிடுகிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்று எண்ணாதீர்கள். ஒரே நாளில் நூறு புகார் வருவது பெரும்பாலும் எங்கோ யாரோ கூட்டம் சேர்த்ததற்கான அறிகுறி. புகாரில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் மட்டும் எழுதி, அதில் உண்மை இருந்தால் அது போதும்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்து, மோசமான படங்களையெல்லாம் நீங்கள்தான் முதலில் பார்க்கிறீர்கள். அவற்றை ஒருவரே தனியாகப் பார்த்துத் தனியாக முடிவெடுக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. சட்டவிரோதமானதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு பேர் பார்த்த பிறகே முடிவு என்று வையுங்கள். பாடம் எழுதியவருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தி, பதில் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள். நீக்கியவற்றின் பட்டியலைக் காரணத்தோடு ஒரு பொதுப் பக்கத்தில் வையுங்கள். இந்த விதிகளை எழுதி முடிக்க ஆள் தேவை என்றால் நான் வருகிறேன், என்னைப் போலப் பாடம் எழுதும் பலரும் வருவார்கள்.

அன்புடன்,
உங்கள் தளங்களில் பாடம் எழுதும் ஒருத்தி