மாடி அறைச் சாவி கேட்டு ஒரு மடல்

வயது வந்தோர் கல்வியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். காசிமேட்டில் ஒரு பள்ளியின் கீழ்த்தள வராந்தாவில் மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர் நான். வீடியோ பாடம் பார்க்கும் போட்டோவை அனுப்பாத மையங்கள் என்று போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. அதில் நாங்களும் இருக்கிறோம். ஏன் அனுப்பவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

பாடம் ஓடுவது என் போனில். சுற்றி 14 பேர், பாதிப் பேருக்கு வெள்ளெழுத்து. கூடையில் மீன் விற்கும் அக்கா ஒருவர் விடியுமுன்னே ஏலத்துக்குப் போய், பகலெல்லாம் தெருத்தெருவாக அலைந்துவிட்டு ஆறு மணிக்கு வந்து உட்காருவார். போனைத் தள்ளிப் பிடித்தால் எழுத்து பொடியாகிறது, கிட்டே வைத்தால் கலங்குகிறது. 'ண'வுக்கு அவர் மூன்றாவது சுழி போடுவதற்குள் வீடியோ 'த'வுக்குப் போய்விட்டது. நிறுத்தலாமென்று, ஐஸிலும் உப்பிலும் ஊறித் தேய்ந்த விரலை வைத்தார். ஏதோ விளம்பரம் திறந்துகொண்டது. "எழுத்து ஓடுது டீச்சரு, நான் எங்க போய்ப் புடிக்கிறது?" என்று சிரித்தார். அப்புறம் மூன்று நாள் வரவில்லை.

வீடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. 1999-லேயே குஜராத் தூர்தர்ஷனில் சினிமாப் பாட்டுக்குக் கீழே அதே மொழியில் வரிகளை ஓடவிட்டார்கள், பாட்டுக் கேட்டபடியே ஜனங்கள் படிக்கட்டும் என்று. ஆனால் அது டிவி. பத்தடி தள்ளி உட்கார்ந்தாலும் தெரியும்.

எங்கள் தலைக்கு மேலேயே, மாடியில், ஸ்மார்ட் கிளாஸ் அறை இருக்கிறது. பெரிய திரை, இன்டர்நெட், ஃபேன் எல்லாம் உண்டு. பள்ளி விட்டதும் பூட்டிவிடுகிறார்கள். தலைமையாசிரியரைக் கேட்டால் மேலிடத்து உத்தரவு வேண்டும் என்கிறார். மேலிடத்தைக் கேட்டால் தலைமையாசிரியரைக் கேட்கச் சொல்கிறார்கள். அந்த அறையைத் திறந்துவிடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

சம்பளம் கிடையாது என்று தெரிந்துதான் வந்தேன். டேட்டாவும் என் காசு என்பது அப்போது தெரியாது. புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். நல்லவேளை, அன்றைக்கு வாட்ஸ்அப் இல்லை. இருந்திருந்தால் சைக்கிள் வீடியோவை அனுப்பிவிட்டு, ஓட்டியதற்கு போட்டோ கேட்டிருப்பீர்கள்.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். வாரத்தில் மூன்று நாள், மாலை 6 முதல் 8 வரை அந்த அறையைத் திறந்துவிட எழுத்துமூலம் ஓர் உத்தரவு தாருங்கள். சாவி வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் நோட்டில் அந்த அக்காவே கையெழுத்துப் போடுவார். பெயரில் 'ண' இல்லை, அதனால் இப்போதே போடுவார்.

இப்படிக்கு,
காசிமேடு மையத் தன்னார்வலர்