சேரிங்கன் வம்சம்: சகோதரிகளை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஜெர்மனியின் பழைய பிரபு வம்சங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். சேரிங்கன் குடும்பத்துக்கு ஒரே ஒரு பத்தி, அதையும் "1218இல் ஆண் வாரிசின்றிச் சுவடே இல்லாமல் அழிந்தது" என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். நான் பல வருஷமாக பெர்ன் நகரில் இருக்கிறேன், அந்தக் குடும்பம் அமைத்த தெரு வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன், அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

அவர்களுடைய ஆரம்பமே ஓர் ஏமாற்றம்தான். முதலாம் பெர்தோல்டுக்கு ஜெர்மனியின் தென்மேற்கில் இருந்த சுவாபியா என்ற டியூக் நாட்டைத் தருவதாகச் சொல்லி, அடையாளமாகத் தன் மோதிரத்தையே கொடுத்திருந்தார் பேரரசர் மூன்றாம் ஹென்றி. பேரரசர் 1056இல் இறந்தார், அடுத்த வருஷமே அவர் மனைவி ஆக்னெஸ் அந்தப் பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மோதிரத்தை நீட்டிக் கேட்டும் பலனில்லை. ஈடாக 1061இல் இன்றைய ஆஸ்திரியாவின் தெற்கே இருக்கும் கரிந்தியா கிடைத்தது, அங்கே அவரால் காலூன்ற முடியவில்லை. மகன் இரண்டாம் பெர்தோல்டும் சுவாபியாவுக்காக ஹோஹென்ஸ்டாஃபென் என்ற போட்டிக் குடும்பத்தோடு மோதிப் பார்த்துவிட்டு, 1098 வாக்கில் அதை விட்டுக்கொடுத்து, சூரிச்சையும் டியூக் பட்டத்தையும் வைத்துக்கொண்டார். பட்டம் இருக்கிறது, அதற்கேற்ற நாடு இல்லை. ஃபிரைபுர்க் பக்கத்தில் இருந்த தங்கள் மலைக்கோட்டையின் பெயரைத்தான் பட்டத்தோடு சேர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. ஊர்களைக் கட்டினார்கள். 1120இல் இரண்டாம் பெர்தோல்டின் மகன் கொன்ராட் ஃபிரைபுர்க்கில் சந்தை அமைத்து, குடியேற வந்த வணிகர்களுக்கு ஆளுக்கு 100 அடி நீளம், 50 அடி அகலத்தில் மனை கொடுத்தார், வருஷத்துக்கு 1 ஷில்லிங் கட்டினால் போதும். 1157இல் நான்காம் பெர்தோல்ட் இன்றைய சுவிட்சர்லாந்தில் ஃபிரிபூரை நிறுவினார், 1191இல் ஐந்தாம் பெர்தோல்ட் எங்கள் பெர்னை. ஆரே ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் மேட்டில், நடுவே ஓர் அகலமான சந்தைத் தெரு. அந்தத் தெரு இன்றும் அப்படியே இருக்கிறது. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் 1535இல் வைத்த நீரூற்று ஒன்று உண்டு. அதன் தூணில் முழுக்கவசம் போட்ட ஒரு கரடி சேரிங்கன் கொடியைப் பிடித்து நிற்கும், காலடியில் ஒரு குட்டிக் கரடி. குடும்பம் முடிந்து முன்னூறு வருஷம் கழித்து ஊர்க்காரர்கள் நிறுவிய நினைவு அது. இதுவா சுவடே இல்லாமல் போனது?

சரி, முடிவுக்கு வருகிறேன். 1198இல் ஜெர்மன் ராஜ பதவிக்கே தன்னைச் சிலர் நிறுத்தியபோது பணம் வாங்கிக்கொண்டு விலகியவர் ஐந்தாம் பெர்தோல்ட். 1218 பிப்ரவரியில் இறந்து ஃபிரைபுர்க் பேராலயத்தில் அடக்கமானார். அவருடைய பிள்ளைகளை எதிரிகள் நஞ்சு வைத்துக் கொன்றார்கள் என்று கட்டுரை சொல்வது பின்னாளில் கிளம்பிய கதை, அதை நடந்த செய்தியாகப் போடாதீர்கள். நடந்தது வேறு. அவருக்கு ஆக்னெஸ், அன்னா என்று இரண்டு சகோதரிகள். ஜெர்மன் பக்கத்து ஃபிரைபுர்க் ஆக்னெஸ் வாழ்க்கைப்பட்ட ஊராக் என்ற குடும்பத்துக்கும், ஃபிரிபூரும் பெர்னுக்குப் பக்கத்துத் தூன் நகரமும் அன்னா வாழ்க்கைப்பட்ட கீபுர்க் குடும்பத்துக்கும் போயின. பெர்னும் சூரிச்சும் நேராகப் பேரரசின் கீழ் வந்தன. அன்னாவின் மகள் ஹைல்விக், ஹைல்விக்கின் மகன்தான் 1273இல் ஜெர்மன் ராஜாவான ஹாப்ஸ்பர்க் ருடால்ஃப். கட்டுரையில் இந்தப் பெண்கள் மூவரில் ஒருவர் பெயர்கூட இல்லை.

ஆண் வழி அற்றுப்போனது என்பதும் பாதிதான் சரி. டியூக் பட்டம் வைத்திருந்த கிளைதான் 1218இல் முடிந்தது. இரண்டாம் பெர்தோல்டின் சகோதரர் ஹெர்மன் வழியில் வந்தவர்கள் பாடன் நாட்டை 1918 வரை ஆண்டார்கள்.

அடுத்த வாரம் கீபுர்க் குடும்பத்தைப் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதில் அன்னாவுக்கு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பெர்னிலிருந்து ஒரு வாசகர்